வாக்குரிமை வந்த வழியும் பறிபோன வழியும்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். காலையிலே தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்திருக்கும் கமக்காரரும், கந்தோரிலிருந்து நேரே வந்திருக்கும் உத்தியோகத்தரும் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். "பழங்கதை நமக்கு எதற்கு?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆதலின் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளிலிருந்தே தொடங்குகின்றேன். அதுதான் காணி உறுதி.

யாழ்ப்பாணத்திலே மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கும் காணி அவள் பெயரிலேயே இருக்கும். தேசவழமைச் சட்டம் அதனை அவளுடைய தனி உடைமையென ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் அந்தக் காணியை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமாயின், கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். உடைமை அவளுடையது, அதிகாரம் அவளிடம் முழுமையாக இல்லை. இந்நாட்டிலே வாக்குரிமையின் வரலாறும் இவ்வாறே தொடங்கிற்று. ஆதனமும் வருமானமும் எழுத்தறிவும் உடையவர்களுக்கே வாக்கு என்றது அன்றைய சட்டம். இவை மூன்றும் ஒருங்கே உடைய பெண்ணுக்கோ, பெண் என்ற ஒரே காரணத்தால், வாக்கு இல்லை.

நூற்றுக்கு நால்வர்

1833ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் இத்தீவில் ஒரு சட்டசபையை அமைத்தனர். அதில் இருந்த உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்களைத் தேசாதிபதியே நியமித்தார். ஏறக்குறைய 80 ஆண்டுகள் சென்ற பின்னர், படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டது. 1911இல் நடந்த அத்தேர்தலில் வாக்காளர் தொகை சுமார் மூவாயிரம். வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1924இல் வாக்குரிமை விரிக்கப்பட்டபோது வாக்காளர் சுமார் 2 இலட்சமாயினர். மக்கட்டொகையிலே அது நூற்றுக்கு நான்கு. அந்த நால்வரும் ஆண்கள். எஞ்சிய தொண்ணூற்றறுவரில் நாட்டிலுள்ள பெண்கள் யாவரும் அடங்குவர். கூலிக்கு உழைத்தவர்களும், குடிநிலமற்றவர்களும், தாழ்த்தப்பட்டவர்கள் எனத் தள்ளிவைக்கப்பட்டவர்களும் அடங்குவர்.

உலகெங்கும் அக்கால நிலைமை இதுவே. இங்கிலாந்திலே பெண்கள் பல்லாண்டுகள் மனுக்கொடுத்துப் பயன்காணாது, 1903இல் எம்மலின் பங்கேர்ஸ்ற் அம்மையார் தலைமையில் ஓர் இயக்கம் கண்டனர். சிறை சென்றனர், சிறையில் உண்ணாவிரதம் இருந்தனர், பலவந்தமாக உணவு ஊட்டப்பட்ட கொடுமையையும் தாங்கினர். அவ்வளவுக்குப் பின்பும் 1918இல் அவர்கள் பெற்றது அரைகுறை உரிமையே. முப்பது வயது நிரம்பி, ஆதனத் தகுதியும் உடையவர்களுக்கு மாத்திரம் வாக்கு வழங்கப்பட்டது. ஆண்களோடு சமமாக 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது 1928இல். பிரான்சிய பெண்களுக்கு 1944இலும், சுவிற்சர்லாந்துப் பெண்களுக்கு 1971இலுமே நாடளாவிய தேர்தலில் வாக்குரிமை வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1893இலே நியூசிலாந்துப் பெண்கள் உரிமை பெற்றபோது, அந்நாட்டின் ஆதிகுடிகளான மாவோரிப் பெண்களும் உடன் பெற்றனர். ஆனால் 1902இல் அவுஸ்திரேலியா பெண்களுக்கு வாக்களித்தபோது, ஆதிகுடி மக்களைப் புறத்தே நிறுத்தியது. அவர்களுக்கு அவ்வுரிமை வருவதற்கு 1962 வரை செல்ல நேர்ந்தது. தென்னாபிரிக்கா 1930இல் வெள்ளைப் பெண்களுக்கு மட்டும் வாக்களித்தது. அமெரிக்காவிலே 1920இல் பெண் வாக்குரிமை அரசியலமைப்பில் ஏறியது. எனினும் தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலோர் 1965 வரை வாக்குச் சாவடியின் வாயிலை அணுகமுடியவில்லை. "பெண்களுக்கு வாக்கு" என்று சட்டம் சொல்லும்போது, எந்தப் பெண்களுக்கு என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்வியை மனத்திலிருத்திக்கொண்டே நம் நாட்டுக் கதையைக் கேளுங்கள்.

ஒரு கேள்வியும் ஒரு விடையும்

1925இலே இலங்கைத் தேசிய காங்கிரசின் மாநாட்டில், பெண்களுக்கு வரையறுக்கப்பட்ட அளவிலேனும் வாக்குரிமை வேண்டுமென ஒரு பிரேரணை கொண்டுவரப்பட்டது. அதனை ஆதரித்தவர்களுள் ஒருவர் அக்னஸ் டி சில்வா அம்மையார். பறங்கியர் குலத்திற் பிறந்து, கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். 1927 டிசெம்பரில் கொழும்பிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராகப் பணியாற்றியவரும் அவரே.

அப்போது அரசியற் சீர்திருத்தம்பற்றி விசாரிப்பதற்காக டொனமூர்ப் பிரபுவைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழு கொழும்புக்கு வந்திருந்தது. பெண்கள் சங்கத்தினர் அதன் முன்னிலையிற் சாட்சியம் அளித்தனர். தேயிலைத் தோட்டங்களிலே வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமெனக் கேட்கின்றீர்களா என்று டொனமூர்ப் பிரபு வினவினார். அக்னஸ் அம்மையார் சற்றும் தயங்காது, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தாமே என்ற கருத்தில் விடையிறுத்தார் என்பது வரலாறு. சங்கத்திலே கற்றறிந்த, வசதிபடைத்த பெண்மணிகளே பெரும்பான்மையினர். தங்கள் வகுப்புக்கு மட்டும் கேட்டிருந்தால் அது எளிதிற் கிடைத்திருக்கும். மலையகத்தில் கொழுந்து பறித்தவளையும் சேர்த்துக் கேட்டார்களே, அதுவே இந்த வரலாற்றின் உயர்ந்த இடம் என்பேன்.

1928 யூலையில் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. எழுத்தறிவு, ஆதனம், வருமானம் என்ற தடைகளை நீக்கி, ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்கு அளிக்கலாம் என அது விதந்துரைத்தது. பின்னர் பெண்களின் வயதெல்லையும் 21 ஆக்கப்பட்டது. ஆணைக்குழு காட்டிய காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. இந்நாட்டிலே குழந்தை மரணம் மிகுந்திருக்கின்றது. வீட்டு வசதி இல்லை. பிரசவ கால மருத்துவ உதவி இல்லை. தொழிலாளரைக் காக்கும் சட்டங்கள் போதா. இவற்றால் துன்புறுவோரிடம் வாக்கில்லாதபடியால் சட்டசபையும் இவற்றைக் கவனிக்கவில்லை. ஆதலால் வாக்கை அவர்களிடமே கொடுக்கவேண்டும் என்பது ஆணைக்குழுவின் வாதம்.

இரண்டு வாக்குகளால் வந்த உரிமை

இந்த விதந்துரையை நம் தலைவர்கள் ஆரத்தழுவி வரவேற்றார்கள் என்று நான் சொன்னால் அது பொய்யுரையாகும். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தார் வரவேற்றனர். தேசிய காங்கிரசின் பெருந்தலைவர்கள் தயங்கினர், எதிர்த்தனர். படியாத மக்களிடம் வாக்கைக் கொடுப்பது ஆபத்து என்றனர். நம்மவருள்ளே தலைசிறந்தவராக விளங்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களும் சர்வசன வாக்குரிமையையும் பெண் வாக்குரிமையையும் வன்மையாக எதிர்த்தார்.

அப்பெரியாரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. 1913இலே பெண்பிள்ளைகள் கற்பதற்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவியவர் அவர். ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே கற்று உயர்ந்தனர். கல்வியைக் கொடுத்த கை வாக்கைக் கொடுக்க மறுத்ததேன்? பெண்ணுக்கு உரிய இடம் இல்லமே என்றும், ஆள்வதற்கு உரியோர் சிலரே என்றும் அத்தலைமுறை நம்பியது. பெரியோர் சொன்னார்கள் என்பதற்காக ஒரு தவறு சரியாகிவிடாது. பெரியோரும் தவறுவர் என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் வாக்கு பற்றியும் சட்டசபையிற் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனைத் தணிப்பதற்காகத் தேசாதிபதி ஸ்ரான்லி புதிய நிபந்தனைகளைச் சேர்த்தார். இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்றேனும், கல்வி அல்லது ஆதனத் தகுதி உடையவர் என்றேனும், நிலையாகக் குடியேறியவர் என்ற அத்தாட்சிப் பத்திரம் பெற்றவர் என்றேனும் அவர்கள் காட்டவேண்டியதாயிற்று. அவ்வாறு நறுக்கப்பட்ட பின்னர், 1929 டிசெம்பரில் டொனமூர்த் திட்டம் சட்டசபையிலே 19 வாக்குகளுக்கு 17 வாக்குகளாக நிறைவேறிற்று. இரண்டே வாக்குகள்! அந்த நூலிழையிலேதான் நம் எல்லோருடைய வாக்குரிமையும் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

1931 யூனில் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தது. 2 இலட்சமாக இருந்த வாக்காளர் சுமார் 15 இலட்சமாயினர். அவ்வாண்டு நவெம்பரில் ருவன்வெல்லைத் தொகுதியின் இடைத்தேர்தலில் அட்லின் மொலமூரே அம்மையார் வென்று, சபையேறிய முதற் பெண்மணியானார். 1932இலே கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து அம்மையார் வென்றார். கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து பெற்ற வெற்றி செல்லாதெனத் தீர்க்கப்பட்டபின், அவர் நின்ற இடத்தில் நின்று வென்ற தமிழ்ப் பெண் அவர். பல இனத்தாரும் வாழும் அத்தொகுதி மக்கள் 1936இலும் அவரையே தெரிந்தெடுத்தனர். 1941இல் காலமாகும்வரை அவர் சபையில் இருந்தார்.

வடக்கிலே நடந்தது

தீவெங்கும் பெண்கள் வாக்குச் சாவடிக்குச் சென்ற 1931இலே யாழ்ப்பாணத்துப் பெண்கள் எங்கே இருந்தனர்? வீட்டிலே இருந்தனர். முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பை ஏற்கோம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அறைகூவிற்று. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934இல் இடைத்தேர்தல்கள் நடக்கும்வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன.

அந்த வாலிபர்கள் தன்னலமற்றவர்கள். சாதி வேற்றுமையைக் கண்டித்தவர்கள். அவர்களுடைய இலட்சியத்தை நான் மதிக்கின்றேன். எனினும் ஒரு வினா எழுகின்றது. முதன்முறையாகக் கைக்கு வந்த வாக்கை மூன்று ஆண்டுகள் மூடிவைக்கும்போது, அதனைப் புதிதாகப் பெற்ற பெண்களிடமும் ஒடுக்கப்பட்ட மக்களிடமும் எவரேனும் கருத்துக் கேட்டார்களா? மற்றவருடைய உரிமையை அவருக்காக நாமே வைத்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு எளிதாக வந்துவிடுகின்றது, பார்த்தீர்களா?

வாக்கு சென்ற வழியே பள்ளிக்கூடம்

வாக்கு வந்ததனால் வயிறு நிறையுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு வரலாறு விடை சொல்கின்றது. 1931இற்குப் பின்னர் சபைக்குச் செல்ல விரும்பியவர் கிராமத்து வாசலுக்கு வரவேண்டியதாயிற்று. வந்தவரிடம் மக்கள் வீதி கேட்டனர், வைத்தியசாலை கேட்டனர், பிள்ளைக்குப் படிப்புக் கேட்டனர். அக்காலத்தின் கல்வி மந்திரி சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இலே இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. இந்தச் சபையிலே அமர்ந்திருக்கும் வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் எண்ணிப் பாருங்கள். ஏழைக் கமக்காரரின் மகனும் மகளும் படித்து வந்த பாதை, அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் பெற்ற வாக்கினால் வெட்டப்பட்ட பாதை.

வாக்குப் போன இடத்திலே என்ன நடந்தது என்பதை இனிச் சொல்கின்றேன்.

பறிபோன உரிமை

1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையக மக்கள் தங்கள் வாக்கினால் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளிலும் இடதுசாரிகள் வெல்லுவதற்கு அவர்களுடைய வாக்கு உதவிற்று. அதற்குத் தண்டனைபோல 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகளுக்கே வாக்கு என்றாயிற்று. கத்தியின்றி இரத்தமின்றி, மூன்று காகிதங்களால் இலட்சக்கணக்கானோர் வாக்காளர் இடாப்பிலிருந்து வழித்தெடுக்கப்பட்டனர். 1952 தேர்தலிலே அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட அம்மக்களுக்கு இல்லை. தொகுதிகளைப் பிரிக்கும்போது மாத்திரம் அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன; அதனால் பெருகிய ஆசனங்களின் பயன் பிறருக்குப் போயிற்று.

8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகப் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெற்றவர்களோ 1 இலட்சத்து 35 ஆயிரத்துக்கும் குறைவானோர். இச்சட்டத்திலே பெண்ணுக்குச் செய்யப்பட்ட இன்னொரு அநீதியையும் கேளுங்கள். பிறப்புவழிப் பிரஜாவுரிமையைத் தந்தை, தந்தையின் தந்தை என்ற வழியிலேயே சட்டம் கணித்தது. தாய் இலங்கையிற் பிறந்திருந்தாலும் பயனில்லை. வாக்களிக்க உரிமையுள்ள தாய்க்குத் தன் பிள்ளையைப் பிரசையாக்க உரிமையில்லை. அந்தக் குறை நீங்கித் தாய்வழியும் ஏற்கப்பட்டது 2003ஆம் ஆண்டிலே!

அன்று தமிழ்த் தலைவர்கள் எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்து நிற்கவில்லை என்பது நம் நெஞ்சை உறுத்தும் உண்மை. நம் இனத்தின் ஒரு பகுதியின் உரிமை போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்தார். 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. ஆனால் பலர் மௌனம் சாதித்தனர். அது மலைநாட்டார் விவகாரம், நமக்கென்ன என்றனர். 1956இலே தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, பாராளுமன்றத்திலே எதிர்த்துக் கையுயர்த்த வேண்டிய கைகள் எத்தனை குறைந்திருந்தன என்பதை அவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

வாக்கில்லாத மக்களிடம் வேட்பாளர் வருவதில்லை. இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும் தோட்டப் பாடசாலைகள் புறம்பாகவே கிடந்தன; அவற்றை அரசாங்கம் ஏற்றது 1970களின் பின்னரே. லயன் அறைகள் மாறவில்லை. 1964இலும் 1974இலும் இலங்கை இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அம்மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்டன. இலட்சக்கணக்கானோர், தாங்கள் பிறந்த மண்ணைவிட்டுக் கப்பலேறினர். எஞ்சியோருக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களினால் பிரஜாவுரிமை மீண்டும் வந்தது. இரண்டு தலைமுறை இடையிலே போயிற்று. அக்னஸ் அம்மையார் யாருக்காகக் கேட்டாரோ, அந்தக் கொழுந்து பறிக்கும் பெண்ணே எல்லோரிலும் முதலாவதாக அதனை இழந்தாள். எல்லோரிலும் கடைசியாக அதனை மீளப் பெற்றாள்.

நாம் செய்யவேண்டியது

அன்பர்களே, இந்த வரலாறு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றது. ஒருவருடைய வாக்கு வேறு, நம்முடைய வாக்கு வேறு என்று எண்ணாதீர்கள். பக்கத்துக் காணியின் வரம்பு உடைந்தால் நம் காணித் தண்ணீரும் நில்லாது என்பது கமக்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதலாவது, ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்புத் திருத்தப்படும்போது உங்கள் வீட்டாருடைய பெயர்களைச் சரிபாருங்கள். மணமுடித்து வேறு கிராமம் சென்ற மகளின் பெயர் இங்கும் நீங்கி அங்கும் ஏறாமல் விடுபடுவது உண்டு. போரினால் இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் பெயரும் விடுபடுவது உண்டு. படித்தவர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, படிவம் நிரப்பத் தெரியாத அயலவருக்கு உதவுங்கள். 1949இலே நம்மவர் உரிமையைப் பறித்தது காகிதம். அதனைக் காப்பதும் காகிதமே.

இரண்டாவது, வீட்டிலே மனைவிக்கும் தாய்க்கும் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி இடுவதென்று ஆணையிடாதீர்கள். கணவனின் சம்மதம் கேட்காத ஒரே உறுதி வாக்குச் சீட்டு. அதையேனும் அவள் தனியே எழுதட்டும்.

மூன்றாவது, பெண்களைச் சபைக்கு அனுப்புங்கள். 1960இலே உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. வாக்காளரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் 2024இலே தெரிவான பாராளுமன்றத்தின் 225 பேரில் பத்தில் ஒரு பங்கினர்கூடப் பெண்களல்லர். உள்ளூராட்சிச் சபைகளிலே நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்று 2016இற் சட்டம் வந்தது. அந்த இடத்தை நிரப்பப் பெயருக்கு ஒருத்தியைத் தேடாமல், பேசத் தெரிந்த, கணக்குக் கேட்கத் தெரிந்த ஒருத்தியைத் தேடுங்கள். இந்தச் சபையிலே அப்படிப்பட்டவர்கள் பலர் இருப்பதை நான் காண்கின்றேன்.

ஒரு செய்தியோடு முடிக்கின்றேன். அதே 2024 தேர்தலிலே பதுளையிலும் நுவரெலியாவிலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்களின் வாக்கினால் வென்று முதன்முறையாகப் பாராளுமன்றம் சென்றனர். டொனமூர்ப் பிரபு தொடுத்த கேள்விக்கு அக்னஸ் அம்மையார் கொடுத்த விடை மெய்ப்பட ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றிருக்கின்றன. இனி எவருடைய பெயரும் அந்த இடாப்பிலிருந்து வழித்தெடுக்கப்படாமற் காப்பது, இங்கே அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவருடைய கடமை.